மூன்றாம் நம்பர் பேரிங்

கோலசிலாங்கூரிலிருந்து ஒன்பதாவது மைல்கட்டையில் லோரி என்னை இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. கையில் ஒரு தகரப் பெட்டி. சட்டைப்பையில், சொந்த ஊரான ராசாவில் அம்மா கொடுத்தனுப்பிய ஜெபமாலை. மலாயாவில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்கார் சண்டையிட்ட அவசரகாலத்தின் மூன்றாவது வருடம் அது. தோட்டத்தைச் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி. வாசலில் நின்ற ஸ்பெஷல் போலீஸ்காரன் பெட்டியைக் கிளறிவிட்டு, "என்ன வேலைக்கு?" என்றான்.

"ரப்பர் ஆலைக்கு. எண்ணெய்க்காரன்."

"சன்னாசி இடத்துக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆலை தோட்டத்தின் கடைக்கோடியில், வேலியை ஒட்டி இருந்தது. உள்ளே பகலிலும் இருட்டு. புளித்த ரப்பர் பால் நாற்றமும் புகைக்கூண்டின் காரமும் தொண்டையைப் பிடித்தன. சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஒரு நீண்ட இரும்பு ஷாஃப்ட் ஓடியது. எஞ்சின் அதைச் சுழற்றும். அதிலிருந்து பெல்ட்டுகள் போய் ரப்பர் பிழியும் உருளைகளைச் சுழற்றும். ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடித்திருந்தவை ஐந்து பேரிங்குகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளை எண்ணெய்க் கிண்ணம், ஸ்பிரிங் வைத்த மூடி. கையை எடுத்தால் 'டிக்'கென்று மூடிக்கொள்ளும்.

எஞ்சின் டிரைவர் தங்கராஜு எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"சாயங்காலம் எஞ்சினை நிறுத்துனதும் நான் வரிசையா தொட்டுப் பார்ப்பேன். புறங்கையால. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்கும், பொய் சொல்லும். 'குளுமை'ன்னு நான் சொன்னா நீ வீட்டுக்குப் போகலாம். 'சுடுது'ன்னு சொன்னா அதுக்கு எண்ணெய் விட்டு, ஆறவச்சுட்டுத்தான் போகணும். அந்த வார்த்தை வராம எண்ணெய்க்காரன் படுக்கக்கூடாது. இந்த ஆலையில அதான் சட்டம்."

அன்று மாலை எஞ்சின் நின்றது. அவர் நடந்தார். நான் பின்னால் போனேன்.

"ஒண்ணு குளுமை. ரெண்டு குளுமை."

மூன்றாவதைத் தாண்டிப் போனார்.

"நாலு குளுமை. அஞ்சு குளுமை."

"அண்ணே, மூணு?"

"அதைக் கேக்காத லா," என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மறுநாள் விடியற்காலை ஊரடங்கு முடிந்த சங்கு ஊதியதும் நான்தான் பூட்டைத் திறந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணெய் விட்டுக்கொண்டே வந்தேன். எண்ணெய் கொண்டுவந்த லோரியை வழியில் காட்டு ஆட்கள் கொளுத்திவிட்டதால் சொட்டுச் சொட்டாகத்தான் விடவேண்டியிருந்தது. மூன்றின் மூடியைத் தூக்கினேன்.

கிண்ணம் நிறைந்திருந்தது.

மிஷின் எண்ணெய் இல்லை. தண்ணீர் போலத் தெளிந்த எண்ணெய். விரலில் தொட்டு முகர்ந்தேன்.

தேங்காயெண்ணெய்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, டிரைவர் சொன்னபடி புறங்கையைப் பேரிங் மேல் வைத்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது. ஆனால் என் கைக்கு ஒட்டினாற்போல, விரல் இடைவெளி கூட இல்லாமல், ஒரு வெதுவெதுப்பு.

இன்னொரு புறங்கை.

நான் கையை இழுத்துக்கொண்டேன். சட்டைப்பையில் ஜெபமாலையைத் தேடினேன். எனக்கு முன்னால் மூடி தானாக இறங்கியது.

டிக்.

அடுத்த ஐந்து நாட்களும் அப்படியே. தினமும் கிண்ணம் நிறைந்திருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது. எஞ்சின் சூடேறியதும் மூன்றாம் பேரிங்கிலிருந்து அடுப்படி வாசனை எழும். உருளையில் ரப்பர் கொடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வேலையில் குனிந்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் குனியமாட்டாள். கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள். அவள் சின்னத்தாய். செத்துப்போன எண்ணெய்க்காரன் சன்னாசியின் மனைவி.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் லயத்தில் சோதனை நடந்தது. காட்டு ஆட்களுக்குச் சாப்பாடு போகிறதா என்று பார்க்க, வாராவாரம் போலீஸும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சோமுவும் வீடுவீடாக அரிசி, சீனி, எண்ணெய் எல்லாவற்றையும் அளப்பார்கள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"இந்த வாரமும் எண்ணெய் குறையுதே," என்றார் சோமு. "நீ ஒருத்தி. என்னதான் பண்ணுற? குளிக்கிறியா?"

"தெரியலைங்க ஐயா."

"தெரியலையா? உன் புருஷன் எண்ணெய் டின்னோட வேலி ஓரமா செத்தான். இப்ப உன் வீட்டு எண்ணெய் காணாமப் போகுது. நான் என்னன்னு எழுதுறது?"

கூட வந்த போலீஸ் சார்ஜன் மலாயில் ஏதோ சொன்னான். சோமு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வெள்ளிக்கிழமையும் குறைஞ்சா லோரியில ஏத்திருவாங்க. கேம்ப்புதான். அங்கேருந்து நேரா இந்தியாவுக்குக் கப்பல். நான் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்க."

அவர்கள் போனபின் சின்னத்தாய் வாசலுக்கு வந்து போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில், இருக்கவேண்டிய அளவுக்குக் கிராணி போட்ட ஒரு கரிக்கோடு. எண்ணெய் அதற்கு வெகு கீழே நின்றது. அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் எஞ்சினைக் கிளப்புமுன் தங்கராஜுவின் கையைப் பிடித்து மூன்றாம் பேரிங்கிடம் இழுத்துப் போனேன். மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

"இது அந்தக்கா வீட்டு எண்ணெய். அவங்களை லோரியில ஏத்தப்போறாங்க. உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க."

அவர் அங்கேயே, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சன்னாசி செத்த அன்னைக்கு ஃபில்ம் வண்டி வந்திருந்துச்சு," என்றார். "சர்க்கார் வண்டி. திடல்ல மட்டும் ஊரடங்கு இல்லாம படம் காட்டுறாங்க. முன்னாடி இடம் பிடிக்கணும்னு எனக்கு அவசரம். எஞ்சினை நிறுத்திட்டு ஒண்ணையும் தொட்டுப் பார்க்கல. சன்னாசிக்கு மூணு மேல தனிப் பாசம். குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைப்பான். சின்னத்தாயே அதை 'என் சக்களத்தி'ன்னு கேலி பண்ணும். நானும் கேலியாத்தான்... வாசல்ல நின்னு, 'டேய் சன்னாசி, உன் சின்னவீடு சுடுதுடா!'ன்னு கத்திட்டு ஓடிட்டேன்."

"சுட்டுச்சா?"

"தொட்டாத்தானே தெரியும்?"

நிமிர்ந்து பேரிங்கைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஆலையில எண்ணெய் தீர்ந்துபோச்சு. அவன் வீட்டுக்குப் போய் சமையல் எண்ணெயை டின்னுல ஊத்திக்கிட்டு வந்திருக்கான். அதுக்குள்ள ஊரடங்கு சங்கு ஊதியாச்சு. வேலியோரமா ஒரு ஆளு, கையில டின்னு. போலீஸ்காரன் சுட்டுட்டான். எங்களுக்கு வெடிச்சத்தம் கேட்டுச்சு. படத்துலதான் வெடிக்குதுன்னு நினைச்சோம். கைதட்டினோம்."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"பயம். ஊரடங்குல ஆளை அனுப்புனது நான்னு தெரிஞ்சா என்னையும் பிடிப்பாங்க. காட்டுக்குக் கொண்டுபோனான்னு எழுதிட்டாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்."

பின்னால் அசைவு கேட்டது. வாசலில் சின்னத்தாய் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

அவள் திட்டவில்லை. அழவில்லை.

"படம் நல்லா இருந்துச்சா அண்ணே?" என்றாள்.

தங்கராஜு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அவன் இன்னும் வர்றான் தங்கச்சி," என்றார் கைகளுக்குள்ளிருந்து. "நான் 'குளுமை'ன்னு சொல்லல. அதனாலதான் போகாம நிக்கிறான். உன் எண்ணெயை எடுத்தெடுத்து ஊத்துறான். நான் சொல்லிடறேன். சொன்னா போயிடுவான். நீயும் பிழைச்சுக்குவ."

"வேணாம்."

"என்னது?"

"சொல்லாதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எண்ணெயை எடுத்துட்டுப் போறவரு அவரு ஒருத்தர்தான். மொத நாளே எனக்குத் தெரியும். காலையில எந்திரிச்சதும் போத்தலைத்தான் பார்ப்பேன். ராத்திரி இருந்ததைவிடக் கீழ இருந்தா, வந்துட்டுப் போயிருக்காருன்னு மனசு ஆறும். அதையும் பிடுங்காதீங்க அண்ணே."

"லோரியில ஏத்திருவாங்கக்கா," என்றேன் நான். "கப்பல்ல அனுப்பிட்டா? அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல தம்பி. நான் பொறந்ததே இந்த நாட்டுல, சுங்கை புரோங்குல." அவள் பேரிங்கைப் பார்த்தாள். "இங்கயும் யாரு இருக்கா? இவருதான்."

அந்த வாரம் முழுவதும் தங்கராஜு சாப்பிட்டதாகத் தெரியவில்லை. வியாழக்கிழமை மாலை எஞ்சினை நிறுத்தினார். பெண்கள் போய்விட்டார்கள். கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு குளுமை. ரெண்டு குளுமை."

மூன்றின் முன் நின்றார்.

புறங்கையை வைத்தார். அந்த வெதுவெதுப்பு அவருக்கும் பட்டிருக்கவேண்டும். கையை எடுக்கவில்லை.

"சன்னாசி," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "தொட்டுப் பார்த்துட்டேன்டா. அன்னைக்குத் தொடவே இல்ல. நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

பெல்ட்டுகள் அசையாமல் தொங்கின.

"மூணு குளுமை. நீ வீட்டுக்குப் போ."

மூடி மெல்ல உயர்ந்தது.

யாரோ கடைசியாக ஒருமுறை உள்ளே பார்ப்பதுபோல அப்படியே நின்றது.

டிக்.

தேங்காயெண்ணெய் வாசனை எங்கள் இருவருக்கும் நடுவே நகர்ந்து, பின்கதவு வழியாக வேலிப் பக்கம் போயிற்று. அதன்பிறகு ஆலையில் வெறும் ஆலை நாற்றம்தான்.

மறுநாள் சோதனைக்கு வந்தபோதும் போத்தல் கோட்டுக்கு மிகவும் கீழேதான் இருந்தது. ஒருநாள் குறையாததால் ஆறு நாள் குறைந்தது சரியாகிவிடுமா? சார்ஜன் சின்னத்தாயின் தோளைத் தொட்டு லோரியைக் காட்டினான். அவள் ஒரு துணிமூட்டையோடு தயாராக இருந்தாள்.

"அதை எடுத்தது நான்," என்றது ஒரு குரல்.

தங்கராஜு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஆலையில எண்ணெய் இல்ல. பேரிங் எரிஞ்சா மிஷின் போயிடும். இவ வேலைக்குப் போனப்ப நான் வீட்டுக்குள்ள புகுந்து எடுத்து பேரிங்ல ஊத்தினேன். வந்து மோந்து பாருங்க. அன்னைக்கு சன்னாசியை எண்ணெயோட அனுப்புனதும் நான்தான். அவன் காட்டுக்குப் போகல. ஆலைக்கு வந்தான்."

ஆலைக்குப் போய்ப் பார்த்தார்கள். கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த தேங்காயெண்ணெயை முகர்ந்தார்கள். சோமு நீண்ட நேரம் எழுதினார். சின்னத்தாயை விட்டுவிட்டார்கள். லோரியில் காலியாக இருந்த இடத்தில் தங்கராஜு ஏறிக்கொண்டார். கேம்ப்பில் கொஞ்ச நாள் இருந்தார் என்றும், பிறகு கப்பலேற்றிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். கடிதம் ஒன்றும் வரவில்லை.

எஞ்சின் டிரைவர் வேலை எனக்கு வந்தது. பேரிங்குகளுக்கு ஒழுங்காக எண்ணெயும் வந்தது. மூன்றாம் நம்பர் மற்ற நான்கைப் போல ஒரு பேரிங் ஆகிவிட்டது.

சின்னத்தாய்தான் மற்றவர்களைப் போல ஆகவில்லை. முடி நரைத்தது. மற்ற பெண்கள் சிரிக்கும்போது அவள் உருளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை, "போத்தல் எப்படியிருக்குக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அப்படியேதான் இருக்கு தம்பி," என்றாள். "ஒரு சொட்டுக்கூடக் குறையல." அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுது நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நான்கு வருடங்கள் போயின. எங்கள் வட்டாரத்தில் ஊரடங்கையும் உணவுச் சோதனையையும் எடுத்துவிட்டார்கள். வேலிக் கதவு திறந்தே கிடந்தது. அன்று சாயங்காலம் நான் எஞ்சினை நிறுத்தி, ஐந்தையும் தொட்டு, ஐந்தும் குளுமை என்று சொல்லிவிட்டு விளக்கை எடுக்கப் போனேன். எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றின் பக்கத்தில் சின்னத்தாய் நின்றிருந்தாள்.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, புறங்கையை அதன்மேல் வைத்தாள். சற்று முன்புதான் நான் தொட்டிருந்தேன். பனிபோலக் குளிர்ந்த இரும்பு.

"இனி யாரும் அளக்க வரமாட்டாங்க," என்றாள், என்னிடம் அல்ல. பிறகு, புருஷனிடம் ரகசியம் சொல்லும் குரலில்:

"ஏங்க, சுடுதுங்க."

நான் மூச்சு விடாமல் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை வேலைக்கு வரும்போது சேலைக்குள் எதையோ மறைத்துக் கொண்டுவந்தாள். என்னைக் கண்டதும் வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினாள். போத்தல். அவளே புதிதாகப் போட்டிருந்த கரிக்கோட்டுக்குக் கீழே, சரியாக ஒரு விரற்கடை.

அன்றிலிருந்து நானும் எஞ்சினை நிறுத்தியதும், "ஒண்ணு குளுமை, ரெண்டு குளுமை, நாலு குளுமை, அஞ்சு குளுமை" என்றுதான் சொல்கிறேன். மூன்றைத் தொடுவதில்லை. விளக்கை அணைத்து, கதவை இழுத்துப் பூட்டுவேன். சாவியை எடுப்பதற்குள் உள்ளே அந்தச் சத்தம் கேட்டுவிடும்.

டிக்.