வரிசையில் அடங்காத இருபத்துமூன்று பேர்

எல்லாரும் வாயாடி என்று கூப்பிடும் சிறுமியின் சித்தி பெரிய கணக்குப் பேராசிரியை. எண்களைப் பற்றிப் பேச விமானம் ஏறித் தூர தேசமெல்லாம் போவார். ஆனால் தெருமுனை நூலகத்தில் பேசுவதென்றால் மட்டும் அவருக்குப் பயம்.

"அங்க வர்றவங்க எல்லாம் என்னை மாதிரியே கணக்குப் பைத்தியங்கடி. இங்க யாருக்கு எது புரியும்னே தெரியலையே!" என்பார்.

போன மாதம் அங்கே அவருடைய முதல் பேச்சு நடந்தது. பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் எழுந்து போனார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலை நூலகர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. இன்னிக்கும் கூட்டம் கலைஞ்சிடுச்சுன்னா, இந்த நேரத்தைப் பாட்டு வகுப்புக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

சித்தி தலையாட்டினார். வாயாடிக்குத்தான் பகீரென்றது.

பேச்சு தொடங்கியது. சித்தி கரும்பலகை நிறைய ஏதேதோ குறிகளை எழுதினார். பத்தே நிமிடத்தில் பஸ் ஓட்டுநர் மாமாவின் தலை முன்னால் சாய்ந்தது. தையற்கார அக்கா கொட்டாவியைக் கையால் மறைத்தார். எதிர்வீட்டுச் சிறுவர்கள் அண்ணனும் தம்பியும் பூனை போல் வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

சித்தி அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த சாக்பீஸ் பட்டென்று உடைந்தது.

'நேத்து வீட்டுல சித்தி பொத்தானை வரிசையா அடுக்கி இதையே சொன்னப்போ எவ்வளவு ஜாலியா இருந்துச்சு!' என்று நினைத்தாள் வாயாடி. இங்கே பொத்தானுக்கு எங்கே போவது? சுற்றிலும் பார்த்தாள். தலைகளை எண்ணினாள். தன்னையும் சேர்த்து இருபத்துமூன்று. துள்ளி எழுந்தாள்.

"சித்தி, ஒரு நிமிஷம்! எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்களேன். நாலு நாலு பேரா வரிசையா நிக்கணும். டேய், ரெண்டு பேரும் எங்கடா ஓடுறீங்க? நீங்களும்தான்!"

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. ஐந்து வரிசை நின்றது. மூன்று பேர் மிச்சம்.

"அப்ப அஞ்சஞ்சா!" என்றார் ஓட்டுநர். தூக்கம் போன இடம் தெரியவில்லை. அப்போதும் மூன்று பேர் மிச்சம். ஏழு ஏழாக நின்றார்கள். இரண்டு பேர் மிச்சம். இரண்டிரண்டாக நின்றார்கள். தையற்கார அக்கா மட்டும் தனியாக நின்று திருதிருவென்று விழித்தார்.

"என் பஸ்ஸுல ஏறுற கூட்டம்கூட இவ்வளவு படுத்தாது!" என்றார் ஓட்டுநர். "எல்லாரும் ஒரே வரிசையா நின்னுட்டா?"

சித்தியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அது ஒண்ணுதான் வழி! இருபத்துமூணை வேற எப்படியும் சமமாப் பகுக்க முடியாது. அதான் பகா எண். நூலகர் சார், நீங்களும் வாங்க!"

நூலகர் கூச்சத்தோடு வந்து நின்றார். இப்போது இருபத்துநான்கு பேர். இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நந்நான்காக என்று மூன்று விதமாக நின்றும் யாரும் மிஞ்சவில்லை. அறையே கைதட்டியது.

அதற்குப் பிறகு சித்தி கரும்பலகைப் பக்கமே போகவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று, வீட்டில் பேசுவது போலவே பகா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேசினார்.

"மேடம், பதினொண்ணு பதிமூணு, பதினேழு பத்தொன்பதுன்னு இந்தப் பகா எண்ணுங்க ஜோடி ஜோடியா வருதே. இந்த ஜோடிகளுக்கு முடிவு உண்டா?" என்று கேட்டார் தையற்கார அக்கா.

"தெரியாது" என்றார் சித்தி.

"உங்களுக்கேவா?"

"உலகத்துல யாருக்குமே இன்னும் தெரியாது. முடிவில்லைன்னுதான் நினைக்கிறோம். ஆனா யாரும் நிரூபிச்சுக் காட்டல."



"அப்ப நாங்களும் யோசிச்சுப் பார்க்கலாமா?" என்று மெல்லக் கேட்டார் ஓட்டுநர்.

"தாராளமா!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு ஜோடிகளைத் தேட ஆரம்பித்தார்கள். அண்ணனும் தம்பியும் தரையில் குப்புறப் படுத்து எழுதினார்கள்.

மதியம் ஆயிற்று. வாயாடிக்கு வயிறு கூப்பாடு போட்டது. நூலகரிடம் போனாள்.

"சார், பூட்டுற நேரம் தாண்டிடுச்சு."

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நூலகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா இரும்மா. எழுபத்தொண்ணு, எழுபத்துமூணு வரைக்கும் வந்துட்டேன். இப்பப் போய்த் தொந்தரவு பண்றியே!"