தள்ளுபடிக்கு நடுவே ஒரு மூச்சு

மாலை ஐந்தரைக்கு மேசைமேல் இருந்த பெட்டி துணிக்கடை விளம்பரத்தைச் சொல்லத் தொடங்கியது. "எல்லாப் புடவைக்கும் இருபது..." அடுத்து 'சதவீதம்' வர வேண்டும். வரவில்லை. பெட்டிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பஸ்ஸில் ஊர்ப்பெயரும் விளம்பரமும் சொல்லும் பெட்டி அது. அதை இயக்கும் நிரலை எழுதியவன் அறிவரசன். குரலும் அவனுடையது. ஐப்பசி மழையில், அரியலூர் ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரி அவனை அடித்துக் கொன்றது. ஆண்டிமடம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். மீதி வேலை அவன் மனைவி வெற்றிச்செல்விக்கு வந்தது. இருவரும் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவர்கள்.

பெட்டி பேச வேண்டிய வாசகத்தை வாசகமாக அனுப்பாமல், கட்டளை போகும் வழியிலேயே அவன் அனுப்பியிருந்தான். அதில் சதவீதக் குறி வந்தால் போதும். பெட்டி அதைக் கட்டளையென்று எடுத்துக்கொண்டு நினைவகத்தில் துழாவி, கைக்குக் கிடைத்ததைப் பேசும். அப்படிப்பட்ட நிரல் வரிகள் ஒவ்வொன்றுக்கும், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் வரிசையாக எச்சரித்தது. அவன் இருக்கும்போதும் எச்சரித்ததுதான்.

"வார்னிங்தானே வாத்தியாரே, ஓடுதுல்ல?" என்று அவளிடம் சிரிப்பான். அவளை அப்படித்தான் கூப்பிடுவான்.

கம்பெனி முதலாளி ராஜவேல் சார் போன் செய்தார். "பெரம்பலூர் பஸ்ல ஒரு பொம்பள அழுதுகிட்டே எறங்கிட்டாங்கம்மா. பெட்டி வழி கேட்டுச்சாம். இன்னைக்கே சரி பண்ணிடு."

"மெமரில கெடக்கற குப்பை சார். பண்ணிடறேன்."

வெற்றிச்செல்வி ஒரு வரியைத் திருத்தினாள். விளம்பரத்தை ஓட்டினாள். "இருபது..." ஈரச் சாலையில் டயர் தேய்ந்து இழுபடும் நீண்ட சத்தம்.

அடுத்ததைத் திருத்தினாள். அறையில் நனைந்த சுண்ணாம்புத் தூசியின் வாசம், எங்கிருந்தென்று தெரியாமல் மெல்லப் பரவி, தொண்டையில் படிந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

ஒவ்வொரு வரிக்கும் சத்தம் குறைந்தது. தூரம் போவதுபோல. கடைசி எச்சரிக்கை மட்டும் திரையில் நின்றது.

"இருபது... வாத்தியாரே."

அந்தச் சொல்லை அவன் பதிவு செய்ததே இல்லை.

கை விசைப்பலகை மேலேயே கிடந்தது. விட்டுவிடலாம். ஒரே ஒரு வரிதான். காலையில் இந்த நிரல் எல்லா பஸ்ஸிலும் ஏறும். எல்லார் காதிலும் அவன் வழி கேட்பான்.

அழுதுகொண்டே திருத்தினாள். எச்சரிக்கை எதுவுமில்லை.

"எல்லாப் புடவைக்கும் இருபது சதவீதம் தள்ளுபடி."

சுத்தமாக இருந்தது. பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

பெட்டியின் ஸ்பீக்கர் வலைக்கண்களில் நீர் கசிந்தது. வெள்ளையாக. மேசையில் சொட்டியது.

"எல்லாத்தயும் அடச்சுட்டியா வாத்தியாரே? நா எந்த வழியா வூட்டுக்கு வர்றது?"