இடப்பக்கம் அரைச்சுற்று

காலை ஐந்தே முக்காலுக்குச் சங்கு ஊதியதும் பதினொன்றாம் தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஆணும் பெண்ணுமாகக் கையில் சங்கிலி ரம்பத்துடன் வெளியே வந்து, வாசல் மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, இரவில் வளர்ந்ததை வெட்டத் தொடங்கினார்கள். பல் துலக்குவதற்கும் காப்பிக்கும் நடுவில் முடிக்கிற வேலை. செந்தரைக் குடியிருப்பில் பிறந்தவர்கள் யாரும் அதை ஒரு வேலையாகவே நினைப்பதில்லை.

செவ்வாயில் குடியேறி எழுபது வருடமாகிறது. நாலாயிரம் பேரையும் மூடி நிற்கும் கண்ணாடிக் கவிகைக்குள் சுவாசிக்கக் கிடைப்பதெல்லாம் இந்த மூச்சுமரங்கள் தரும் காற்றுதான். ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஜாதி. ஒரே ராத்திரியில் ஒரு முழம் வளரும். விட்டுவைத்தால் கவிகையில் போய் முட்டிக் கண்ணாடியைப் பெயர்த்துவிடும். ஆகவே தினமும் நுனியை மட்டும் நறுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் வெட்டிய கிளைகூட ஓர் அவசரமும் இல்லாமல்தான் கீழே இறங்கி வரும். அவசரமெல்லாம் மனிதர்களுக்கு.

ரம்பம் ஓடுவது மர எண்ணெயில். மின்சாரம் முழுவதும் தண்ணீர் பம்புக்கும் வெப்பமூட்டிக்கும் போய்விடுவதால், முதலில் வந்தவர்கள் ரம்பத்துக்கு எஞ்சின் வைத்தார்கள். எஞ்சினும் நம்மைப் போலக் காற்றைத் தின்னுகிற பிராணிதான். எனவே கணக்குப் பார்த்து, ஒவ்வொன்றிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்து, அதன்மேல் ஈய மூடி போட்டு, ‘யாரும் தொடக்கூடாது’ என்று எழுதியும் வைத்தார்கள். எழுதியதுதான் தப்பு. தொடக்கூடாது என்று எழுதிய இடத்தைத் தொட்டுப் பார்க்கத்தானே மனிதன் இத்தனை கோடி கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறான்.

தெருமுனையில் ரம்பம் பழுது பார்க்கும் கடை சவரிமுத்துவுடையது. முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்கு எதிரே ஒரு கம்பத்தில் காற்றுப் பலகை தொங்கியது. தெருக் காற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயிர்வளி என்று அது சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். அதை நிமிர்ந்து பார்க்கிற ஒரே ஆள் சவரிமுத்து. காரணம் அவர் மனைவி ஞானப்பூ. சுரங்கத்தில் பதினைந்து வருடம் செந்தூசியைச் சுவாசித்து நுரையீரலைப் பாதியாக்கிக்கொண்டு வந்தவள். பலகை இருபதுக்கு மேல் நின்றால் எழுந்து நடமாடுவாள். இருபதுக்குக் கீழே போனால் படுக்கை. பத்தொன்பதுக்கும் கீழே போனால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னதைச் சவரிமுத்து அவளிடம் சொல்லவில்லை.

அன்று பலகையில் 19.8.

அடுத்த வீட்டுக் குத்தாலிங்கம் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். தண்ணீர் வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் அவருக்கு யாரும் புரியவைக்கவில்லை.

“இது ரம்பமா, சவரக்கத்தியா? எதிர்வீட்டு இசக்கியம்மா டீச்சர் வெட்டி முடிச்சுக் காப்பியும் குடிச்சாச்சு. நான் இன்னும் ஏணியிலேயே நிக்கேன்.”

“டீச்சர் நுனியை மட்டும்தான் வெட்டுதாங்க சார். நீங்க அடிக்கிளையையும் சேத்துல்லா வெட்டுதீங்க.”

“இலை வாசல்ல விழுதுவே. ஒரு நாளைக்கு மூணு தரம் பெருக்க வேண்டியிருக்கு.”

“அந்த இலைதான சார் காத்து குடுக்கு.”

“காத்து ஊருக்கு, குப்பை மட்டும் எனக்கா? திருகைத் தொறந்து வேகத்தைக் கூட்டி வையும்.”

“கூட்டினா எஞ்சின் ரெண்டு மடங்கு காத்தைத் திங்கும் சார். சட்டப்படி...”

“முப்பது வருசம் வாரியத்துல இருந்தவனுக்கே சட்டம் சொல்லுதீரா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரும். நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.”

சொல்லிக்கொண்டே குத்தாலிங்கம் தன் மணிக்கட்டை மெல்லத் தடவினார். செந்தரையில் எல்லோருக்கும் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் ஒரு சில்லு உண்டு. அதைத் தட்டினால் எதிரே நிற்கிற தொழிலாளிக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு ஒரு வரி எழுதவும் செய்யலாம். சராசரி மூன்றுக்குக் கீழே போனால் கடையை மூடி, குடும்பத்தோடு கீழ்த்தளச் சுரங்க வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கீழ்த்தளத்தில் காற்று எப்போதும் பதினெட்டரை.

சவரிமுத்து நின்ற இடம் அது. செய்தாலும் ஞானப்பூவின் மூச்சில்தான் கை வைக்க வேண்டும், செய்யாவிட்டாலும் அதில்தான். அவருக்கு ஆத்திரம் வரவில்லை. ஆத்திரப்படுவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டுமல்லவா?

“நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க சார்,” என்றார்.

அன்று பகல் முழுவதும் அந்த ரம்பத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஈய மூடியைக் கழற்றித் திருகை இடப்பக்கம் அரைச்சுற்றுத் திருப்பினார். இடப்பக்கம் என்றால் வேகம் குறையும். அதோடு நிற்காமல், சைலன்சரில் வரிசையாக ஆறு துளை போட்டார்.

மறுநாள் குத்தாலிங்கம் கயிற்றை இழுத்ததும் ரம்பம் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சன்னல்கள் மூடிக்கொண்டன. குத்தாலிங்கம் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைச் சவரிமுத்து பார்த்தார்.

“இதுல்லாவே மிஷின். கைல பிடிச்சா உசுரோட துள்ளுது.”

நுனியை நறுக்க முன்பைவிட நான்கு நிமிடம் கூடுதலாக எடுத்தது. அடிக்கிளைப் பக்கம் போவதற்குள் கை ஓய்ந்து கீழே இறங்கிவிட்டார். அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. இரைச்சல் காதை நிறைத்திருந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டார்.

அப்புறம் தெருவே வந்தது. இசக்கியம்மாள் டீச்சர், “அந்த மனுசன் மிஷினை விட என்னுது ஒரு படி மேல இருக்கணும்” என்று சொல்லி எட்டுத் துளை போட்டுக்கொண்டு போனாள். பத்தாம் தெரு வந்தது, பன்னிரண்டாம் தெருவும் வந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்று, அதைத் தொடாதே, இதை அழுத்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். சவரிமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் திருகை இடப்பக்கம் அரைச்சுற்றுத் திருப்பினார். விடியற்காலையில் கவிகை முழுவதும் யுத்தம் நடக்கிற மாதிரி இரைந்தது. மரங்களோ நிம்மதியாக அடர்ந்து நின்றன.

மூன்றாவது மாதம் பலகை 20.6 காட்டியது. அன்று காலை ஞானப்பூ யாருடைய கையையும் பிடிக்காமல் வீட்டிலிருந்து கடைக்கு நடந்து வந்தாள். கையில் தேநீர். பாதி தளும்பிச் சிந்தியிருந்தது.

“ஏங்க, நானே போட்டேன். சீனி போட மறந்துட்டேன்,” என்றாள்.

சவரிமுத்துவுக்கு அதைக் குடிக்க வெகுநேரமானது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஊரை ஆளும் கவிகைச் சபையில் ஒரு கணிப்பான் இருந்தது. ஊரில் நடப்பது அனைத்தையும் சேர்த்து வைத்து, எதனால் எது நடந்தது என்று சொல்லும் இயந்திரம். காற்று கூடியதற்குக் காரணம் தேடிய அது, மூன்று தெருக்களில் ரம்பங்களின் திறன் கூட்டப்பட்டிருப்பதைக் கண்டது. ‘சிறப்பாக வேகம் கூட்டினார்’ என்று இருநூறு பேர் ஐந்து நட்சத்திரத்தோடு எழுதியிருந்தார்களே. வேகமாக வெட்டினால் மரம் செழிக்கிறது என்று கணிப்பான் முடிவு கட்டியது. செந்தரை முழுவதும் ஈய மூடிகளை அகற்றி வேகத்தைக் கூட்டலாம் என்று சபைக்குப் பரிந்துரையும் அனுப்பியது. அந்தத் திருப்பணிக்குச் சவரிமுத்துவையே தலைமை ஏற்க அழைத்தார்கள். சபை மண்டபத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று.

மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சபைத் தலைவி, “ரெண்டு வார்த்தை பேசுங்க,” என்றார்.

முன்வரிசையில் குத்தாலிங்கம் இருந்தார். பக்கத்தில் டீச்சர். கடைசி வரிசையில் ஞானப்பூ, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கினால் நாலாயிரம் பேருடைய எஞ்சின்களையும் அவர் கையாலேயே முடுக்க வேண்டும்.

“நான் யாருக்கும் வேகம் கூட்டலைங்க,” என்றார். “குறைச்சேன். சத்தத்தை மட்டும்தான் கூட்டினேன். அதனாலதான் காத்து கூடியிருக்கு.”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். குத்தாலிங்கம் எழுந்து, “என் மிஷின் எனக்குத் தெரியாதாவே? பொய் சொல்லாதீரும்,” என்றார்.

உண்மையை நம்பவைக்க வேறு வழி தெரியவில்லை. மேடைக்கே ஒரு ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கரண்டியைச் சூடாக்கி ஈய மூடியில் வைத்து, அது இளகிக் கழன்று வருவதைக் காட்டினார். உள்ளே இருந்த திருகைத் தொட்டுக் காட்டினார்.

“வலப்பக்கம் திருப்பினா வேகம் கூடும். இடப்பக்கம் குறையும். நான் இடப்பக்கம் அரைச்சுற்று திருப்பியிருக்கேன். அம்புட்டுத்தான்.”

வலப்பக்கமும் திருப்பி ஒரு கிளையை வெட்டிக் காட்டினார். வாழைத்தண்டு மாதிரி இரண்டானது. மண்டபம் அமைதியாக, கூர்ந்து கவனித்தது. இத்தனை கவனமாக ஊர் தன் பேச்சைக் கேட்கும் என்று சவரிமுத்து எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு குளிர்ந்து கீழே இறங்கினார்.

சபை தன் திட்டத்தை அன்றைக்கே கைவிட்டது. ஊர் கைவிடவில்லை. மறுநாள் காலை சங்கு ஊதுவதற்கு முன்பே செந்தரையின் சமையலறைகளில் கரண்டிகள் சூடாகிக்கொண்டிருந்தன. ஏமாற்றப்பட்ட கோபத்தில் ஒவ்வொருவரும் திருகை வலப்பக்கம் திருப்பினார்கள். அரைச்சுற்றோடு நிறுத்தினவர்கள் குறைவு. அடிக்கிளைகள் சரிந்தன. வாசல்கள் குப்பை இல்லாமல் பளிச்சென்று ஆயின. சவரிமுத்துவின் நட்சத்திரம் ஒரே வாரத்தில் 4.8-லிருந்து 3.0-க்கு வந்து நின்றது.

பலகை 20.1 ஆனது, 19.5 ஆனது. ஞானப்பூ மறுபடி படுத்தாள். சபை தண்டனை அறிவித்துப் பார்த்தது. நாலாயிரம் பேரைத் தண்டிக்க ஐயாயிரம் பேர் வேண்டும் என்று தெரிந்ததும், வீட்டுக்கு ஒரு காற்றுப்பெட்டி கொடுத்தது. தெருக் காற்றை இழுத்து அதிலிருந்து உயிர்வளியைப் பிரித்து வீட்டுக்குள் மட்டும் விடுகிற பெட்டி. சன்னலைச் சாத்திக்கொண்டால் உள்ளே இருபத்தொன்று நிற்கும். எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு அதிலும் ஒரு திருகு, அதன்மேல் ஒரு மூடி. இந்தத் தடவை ஈயம் இல்லை, எஃகு. அதைத் துளைத்துத் திறக்கும் கருவி இருந்தது சவரிமுத்து கடையில் மட்டும்.

ஞானப்பூ சாத்திய சன்னலுக்குப் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். வெளியே வந்து இரண்டு மாதமாகிவிட்டது.

குத்தாலிங்கம் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. நான்கு தடவை நின்று நின்றுதான் பேச்சைத் தொடங்கினார்.

“டீச்சர் வீட்டுப் பெட்டி என்னுதை விட நல்லா இழுக்குவே. நீரு இதைக் கொஞ்சம் கூட்டி வையும்.”

“நீங்க கூடுதலா இழுத்தா பக்கத்து வீட்டுக்குக் குறையும் சார்.” பக்கத்து வீடு யாருடையது என்று சவரிமுத்து சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே சுவர்.

“குறையுதவங்க அவங்கவங்க பெட்டியைக் கூட்டிக்கட்டும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்?”

சவரிமுத்து பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சின்ன விசிறி. அதன் இறக்கையில் ஒரு தகட்டை உரசவிட்டால் நன்றாக இரையும். திருகை இடப்பக்கம்...

“போன தடவை மாதிரி சத்தத்தைக் கூட்டி அனுப்பிரலாம்னு நினைக்காதீரும்,” என்று குத்தாலிங்கம் சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் உயிர்வளி அளக்கும் மானி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். “நீரு சொல்லித் தந்த பாடம்தான். இனி காதை நம்புததா இல்ல. எல்லாம் மீட்டர்தான்.” பிறகு மணிக்கட்டை மெல்லத் தடவினார்.

சவரிமுத்து அந்த மானியை எடுத்தார். நல்ல சாமான். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் காட்டியது. அவர் அதைப் பெட்டிக்கு முன்னால் பிடிக்காமல் வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்து நீட்டினார். எண் ஏறி இறங்கி 18.92-இல் நின்றது. எதிரே கம்பத்தில் பலகையும் 18.9 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

“பாருங்க சார்,” என்றார்.

குத்தாலிங்கம் எட்டிப் பார்த்தார். எரிச்சலோடு மானியைப் பிடுங்கித் தன் பெட்டியின் வாயில் வைத்தார்.

“அது ஊர்க்காத்துல்லாவே. அதை எதுக்கு அளக்கீரு? என் வீட்டுக் காத்தைப் பாரும்.”

சவரிமுத்து துளைபோடும் கருவியை எடுத்தார்.