அப்பா அராவிய பல்

வாயாடியின் வீட்டில் சில நாட்களாகச் சிரிப்புச் சத்தமே இல்லை. வாயாடி என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். அவருக்குச் சாவி செய்யும் வேலை. கடைத்தெரு முனையில் ஒரே ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கடை. "உன் வாய்க்கு ஏத்த பூட்டு என் கடையிலயே இல்லையே!" என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவரே வாய் திறப்பதில்லை.

துருப்பிடித்த பூட்டு ஒன்றைக் குறடால் பிடித்து இழுத்தபோது, குறடு வழுக்கி முகத்தில் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போயின. புண் ஆறியதும் பல் டாக்டரம்மா கழற்றி மாட்டும் பல்செட் ஒன்றைச் செய்து கொடுத்தார். "எங்கேயாவது அழுத்தினா உடனே வாங்க," என்றும் சொல்லி அனுப்பினார்.

அழுத்தியது. அப்பா போகவில்லை. சாவி பூட்டுக்குள் இறுகினால் அவர் என்ன செய்வார்? அரத்தை எடுத்து நாலு தேய்ப்புத் தேய்ப்பார். பல்செட்டுக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அராவியதில் அது லொடலொடவென்று ஆகிவிட்டது. ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து நழுவி, மேஜைமேல் சாவிகளுக்கு நடுவே விழுந்தது. வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றோடு சரி. அப்பா எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கடைக்கு வந்தவர்கள், "என்னய்யா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா?" என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்களேன்," என்று அம்மா கெஞ்சினாள்.

அப்பா கையால் வாயை மூடிக்கொண்டு பேசினார். "எந்த முகத்தோட போறது? நானே கெடுத்துட்டேன்னு தெரிஞ்சா கைகொட்டிச் சிரிப்பாங்க. இனிமே நான் இப்படித்தான். கடையையும் மூடிடலாம்னு இருக்கேன்."

வாயாடி பள்ளிக்கூடக் கதை சொன்னால், "அப்புறம்? அப்புறம்?" என்று துளைத்தெடுக்கிற அப்பா எங்கே போனார்? வகுப்பில் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடிய கதையைச் சொல்லிப் பார்த்தாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும், அலமாரியில் கிடந்த பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பல் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு இதை அராவினது?"

"எங்க அப்பா. சாவிக்கடைக்காரர்."

"வழவழன்னு நல்லாத்தான் அராவியிருக்கார். ஆனா இது இனிமே உதவாது."

"வேற வழியே இல்லையா?"

"ஏன் இல்ல? இதே மாதிரி புதுசு செய்யலாம். இல்லன்னா, பக்கத்துப் பல்லுங்களைக் கொஞ்சம் இழைச்சு, பாலம் கட்டற மாதிரி நடுவுல கழற்ற முடியாத பல்லு வைக்கலாம். அதுவும் இல்லன்னா, தாடை எலும்புல சின்னத் திருகு பதிச்சு அதுமேல பல்லைப் பொருத்தலாம்."

"அப்பாவுக்கு எது சரி?"

"பல்லை மட்டும் கொண்டு வந்தா எப்படிம்மா சொல்றது? வாயைக் கொண்டு வா!"

வாயாடி கடைக்கு ஓடினாள். விஷயம் தெரிந்ததும் அப்பாவின் முகம் இருண்டது. "போச்சு! ஊர் முழுக்கத் தெரிஞ்சாச்சு!" என்று முனகினார்.

"அப்பா, சாவியைத் தானே அராவிக் கெடுத்துட்டு ஒருத்தர் வந்தா நீங்க கைகொட்டிச் சிரிப்பீங்களா?"

அப்பா யோசித்தார். "சிரிக்க மாட்டேன். பூட்டைக் கொண்டு வாங்கன்னு சொல்வேன்."

"டாக்டரும் அதையேதான் சொன்னாங்க."

அப்பா கையிலிருந்த அரத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாயாடியோடு கிளம்பினார்.

டாக்டரம்மா அவர் வாயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஈறு புண்ணாயிருக்கு. அது ஆறுற வரைக்கும் எதையும் மாட்டக் கூடாது. எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துட்டு எந்த வழின்னு முடிவு பண்ணலாம். வலிச்சப்பவே வந்திருக்கலாம்ல?"

இன்னும் பொறுத்திருக்க வேண்டுமா? அப்பாவின் கை மறுபடி வாய்க்குப் போனது. வாயாடிக்கும் மனசு விட்டுப்போனது.

"எப்படிச் செஞ்சாலும், பழைய பல்லு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். நீங்க சிரிக்கிற மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இல்லை. போட்டோ என்றாலே அப்பா விறைத்துக்கொண்டு நிற்பார். தலையை ஆட்டியவர், சட்டென்று வாயிலிருந்து கையை எடுத்தார்.

"இவ பல்லைப் பாருங்க டாக்டர். எனக்கும் அதே அச்சுதான்."

வாயாடி "ஈ" என்று காட்டினாள்.

"அட, நடுவுல இவ்வளவு இடைவெளி இருக்கே! இது தெரியாம, போன தடவை ரெண்டு பல்லையும் சேர்த்து வச்சுட்டேன். இந்தத் தடவையும் அடைச்சிடலாமா?"

"வேணாம் டாக்டர்," என்றார் அப்பா. பேசும்போது பல் இல்லாத இடத்தில் காற்று உஸ்ஸென்று போனது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "அதை அடைச்சிட்டா, நான் இவளோட அப்பான்னு யாரு நம்புவாங்க?"

சொல்லிவிட்டு, வாய் முழுக்கத் தெரியும்படி சிரித்தார்.

வாயாடி இன்னும் அகலமாக "ஈ" காட்டினாள்.