இலாரியோன் கேட்ட சிகரெட்

தெல்மிரா யாரிடமும் வழி கேட்கவில்லை. ரோமுலோவுக்கு முதலில் உறைத்தது அதுதான்.

பிறந்ததிலிருந்து சமவெளியின் புழுக்கத்தைத் தவிர வேறெதையும் அறியாதவள், லா பாஸ் நகரத்தில் இன்று காலைதான் முதன்முறையாகக் கால் வைத்தவள். ஆனாலும் பன்றிக்கொழுப்பு வறுபடும் வாடையும் டீசல் புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் பின்னிக் கிடந்த அந்தச் செங்குத்துச் சந்துகளில், தினமும் சந்தைக்குப் போய் வருகிறவள் போல இடமும் வலமும் திரும்பிக்கொண்டே போனாள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த உயரத்தில் பத்துப் படி ஏறினாலே நெஞ்சு அடைக்கும். அவள் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த ரோமுலோதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் நில்லு தெல்மிரா. மூச்சு வாங்குது."

"உன் ஊருடா இது, குண்டா! நீயே நாக்கைத் தள்ளிட்டா எனக்கு யாரு ஊரைச் சுத்திக் காட்டுறது?"

சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் இந்த ஒரு நாளை அவனிடமிருந்து வாங்கியிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பும் பஸ். அதுவரை சமாளித்துவிட்டால் போதும் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். இன்று நவம்பர் எட்டு என்பது மட்டும் வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

சந்தை முனையில் ஊதா மக்காச்சோளக் கஞ்சி விற்றவள் குரல் கொடுத்தாள். "வா வாடிக்கை, சூடா இருக்கு! வீட்டுக்காரருக்கு ரெண்டு கோப்பையா வாங்கிக் குடு, முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கிடக்கே."

கஞ்சியில் பட்டையும் கிராம்பும் மணத்தன. ரோமுலோவின் நாக்கில் மட்டும் வேறெதுவோ. ஈரச் சிமெண்டின் ருசி. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். நிமிர்ந்தபோது தெல்மிரா பக்கத்துப் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டிருந்தாள். கறுப்புப் புகையிலை, பஞ்சு வைக்காதது. புகை வாடை பட்டாலே குமட்டுகிறது என்று ஜன்னலைத் திறப்பவள்.

"யாருக்கு இது?"

"பார்க்கப் போற இடத்துக்கு வெறுங்கையை வீசிக்கிட்டா போவாங்க?"

"யாரைப் பார்க்கப் போறோம்?"

அவள் பாக்கெட்டைப் பைக்குள் போட்டாள். "முதல்ல நீ கட்டின கட்டடத்தைக் காட்டு. ஏழு மாடின்னு பீத்திக்குவியே."

"அது ரொம்பத் தூரம்."

"தூரமா? இந்தா, அடுத்த தெருதானே!"

அடுத்த தெருதான். ஆனால் அங்கே கட்டடம் இல்லை. தகர வேலி, அதற்குப் பின்னால் ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் மஞ்சள் மண். அந்த மண்ணின் குளிர் பதினொரு வருடங்களைத் தாண்டி வந்து அவன் முழங்காலில் ஏறியது.

அன்று அவன் மேஸ்திரி. மூன்று முறை தோண்டினான். மூன்று முறையும் மண் சரிந்தது. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் லாமா என்ற மலை விலங்கின் கருவைப் புதைத்துப் பூமித்தாயிடம் உத்தரவு கேட்பார்கள். அவனும் புதைத்தான். நாலாவது முறையும் சரிந்தது. இந்த வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்காது. ஏழு மாடிக்கு லாமா போதாது என்று யாரோ குடிபோதையில் உளறியது அவன் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. கூட வேலை செய்த இலாரியோனுக்குத் தாய் தகப்பன் இல்லை, தேடி வர ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அவனுக்குக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தான். "போதும் மேஸ்திரி, கண்ணு சொக்குது" என்றான் இலாரியோன். விடியும்போது சிமெண்டுக் கலவை இறங்கியது. அதன் பிறகு மண் சரியவே இல்லை.

வேலியோரம் ஆரஞ்சுச் சாறு பிழிந்துகொண்டிருந்தவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். "ரோடை அகலமாக்கறோம்னு மார்ச் மாசம் இடிச்சாங்க. அடியில ஒரு ஆளு. படுத்தில்ல சார், நின்னுக்கிட்டு! எழுந்திரிச்சு நின்னிருக்கான் பாவி, கலவைக்குள்ளேயே. தலை மட்டும்தான் முழுசா கிடைச்சுது. இந்தத் தெருக் கிழவி பாசிலியா அம்மா அதை வீட்டுல வச்சுக் கும்பிட எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

தெல்மிரா தலையை ஆட்டினாள். ஏற்கெனவே கேட்ட கதையை மறுபடி கேட்பவள் போல.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றான் ரோமுலோ.

"மணி மூணுதான்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். விரல்கள் இறுகின. தெருவில் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஒரே திசையில், எல்லார் கையிலும் பெட்டி, பெட்டிக்குள் பூ, பூவுக்குள் மண்டையோடு. சப்பைமூக்கர்கள் என்பது இந்த ஊர் அவற்றுக்கு வைத்த செல்லப்பெயர். வருடம் முழுக்க வீட்டைக் காக்கும். வீட்டாரின் கனவில் வந்து தங்கள் பெயரைச் சொல்லும். இன்று ஒரு நாள் கல்லறைத் தோட்டத்தில் அவற்றுக்குத் திருவிழா.

தாரை ஊதினார்கள். டிரம் அதிர்ந்தது. மெழுகு, அழுகிய பூ, சாராயம். வழி நெடுகக் கம்பளித் தொப்பி போட்ட மண்டையோடுகள், கறுப்புக் கண்ணாடி போட்டவை, பல்லிடுக்கில் சிகரெட் செருகியவை. ரோமுலோ தலை குனிந்து நடந்தான். எந்த முகத்தையும் பார்க்கவில்லை. தெல்மிரா நின்றாள். அவனும் நிற்க வேண்டியதாயிற்று.

"வந்துட்டியா மகளே" என்றாள் ஒரு கிழவி. மடியில் கண்ணாடிப் பெட்டி. "நேத்து ராத்திரியே சொன்னான், ரெண்டு பேரா வருவாங்கன்னு."

"என்ன பாசிலியாம்மா, நல்லா தூங்கினானா?"

"எங்க தூங்கறான்? தன் பேரைச் சொன்னான், இலாரியோன்னு. யாருடா உன்னை இப்படிப் பண்ணினதுன்னு கேட்டா வாயே திறக்கலை. நானே கூப்பிட்டுக்கறேன்னுட்டான்."

ரோமுலோ கையை உதறினான். பிடி விடவில்லை.

"உனக்கு எப்படி..."

"ஏழு ராத்திரி என் கனவுல வந்தான்" என்றாள் தெல்மிரா மெதுவாக. "ஒன்பது வருஷமா உன் பக்கத்துல படுத்திருக்கேன். அவனும் நடுவுல படுத்திருந்திருக்கான், குளிர்ல விறைச்சுப் போய். எனக்குத் தெரியலையேடா. எத்தனை தடவை கேட்டேன், நீ ஏன் ஊரை விட்டு வந்தேன்னு. வேலை பிடிக்கலைன்னியே."

"தெல்மிரா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"நீதான் பத்த வைக்கணுமாம். அதை மட்டும்தான் கேட்டான்." பாக்கெட்டைப் பிரித்து ஒரு சிகரெட்டை அவனிடம் நீட்டினாள், மீதியைக் கிழவியின் மடியில் போட்டாள்.

சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பத்த வைங்க சார், முதல் இழுப்பை நீங்க இழுத்துட்டு வாயில வைங்க, அதானே முறை" என்றார் ஒருவர். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு சிகரெட்தானே. வைத்துவிட்டு ஓடிவிடலாம். ஆறு மணி. பஸ்.

அவன் உதட்டில் வைத்துப் பற்றவைத்தான். ஒரே ஒரு இழுப்பு. அவன் எச்சில் ஈரம் பட்ட முனையைப் பெட்டிக்குள் இருந்த மண்டையோட்டின் பற்களுக்கிடையில் செருகினான்.

கங்கு சிவந்தது.

காற்று இல்லை. ஆனாலும் சிவந்தது. ஆழமாக, நிதானமாக, நெடுநாள் காத்திருந்தவன் இழுப்பது போல. ரோமுலோவின் நெஞ்சிலிருந்து காற்று வெளியேறியது. மொத்தமாக. திரும்ப உள்ளே இழுத்தான். எதுவும் வரவில்லை.

கங்கு மங்கியது. கொஞ்சம் காற்று. மறுபடி சிவந்தது.

அவன் தரையில் சரிந்தான்.

"ஐயோ, உயரம் ஒத்துக்கலை போல. மெல்லக் கோக்கா இலை குடுங்க யாராவது!"

"ஒண்ணுமில்லை" என்றாள் தெல்மிரா. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மெதுவாத்தான் ஆகும். இவரு அவசரப்படாம பண்ணின வேலை."

அவன் கத்த வாயைத் திறந்தான். தொண்டையில் குளிர்ச்சி. கீழிருந்து ஏதோ ஏறியது. கெட்டியாக. ஈரமாக. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் வழிந்தது. தெல்மிரா தோள் சால்வையால் துடைத்தாள். வழிந்தது. துடைத்தாள். துடைத்த இடம் இறுகி வெளுத்தது.

தாரை ஓங்கி ஒலித்தது. யாரோ ஆடினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சிகரெட் பல்வரை எரிந்து முடிந்தது. ரோமுலோவின் கண்கள் மட்டும் அசைந்தன; பாசிலியா மடியில் கிடந்த பாக்கெட்டைப் பார்த்தன.

அதில் இன்னும் பத்தொன்பது இருந்தன. தெல்மிரா அடுத்ததை உருவினாள்.