இரண்டாவது தட்டல்

ஒரு மூச்சுக்கு ஒரு ‘டிக்’தான் கேட்க வேண்டும். இரண்டு கேட்டது.

குழந்தைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. அதற்காகவே தொட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார் பலகையை வைத்திருந்தாள் தாய். ஒவ்வொரு மூச்சுக்கும் அது ‘இங்கே பார்’ என்று கணினியைத் தட்டிக் கூப்பிடும்; கணினி ‘டிக்’ என்னும். அந்தத் தட்டலுக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். தட்டல் நின்றால் அலாரம் அலறும். யாரும் திறந்து திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம். பலகையின் தட்டலைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற புரோகிராமை அவளே எழுதியிருந்தாள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவள் தன் பிள்ளைக்கு எழுதமாட்டாளா?

“ரெண்டு ரெண்டா வருதுன்னா உன் புரோகிராம்லதான் தப்பு,” என்றான் கணவன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. “தொட்டில்ல ஒருத்திதானே படுத்திருக்கா?”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். தட்டலுக்கு ‘கேட்டேன்’ என்று பதில் போகாவிட்டால் பலகை மறுபடி தட்டும். எல்லோரும் செய்கிற பிழைதான். ஜன்னலில் மழை வழிய, ஆறிப்போன காப்பியின் வாடையும் காயாத துணிகளின் ஈர வாடையும் அறையில் கலந்து நிற்க, அடுத்த அறையிலிருந்து குழந்தையின் மெல்லிய குறட்டை வந்துகொண்டிருக்க, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகத் தேடினாள். பதில் சொல்லும் வரி சரியான இடத்திலேயே இருந்தது.

பிழையால் வருவது உடனே வரும். இது தாமதித்து வந்தது, நிதானமாக. குழந்தை சிணுங்கியபோது நின்றது. அடங்கியதும் தொடர்ந்தது.

காரணம் பிடிபடாதபோது எந்தப் புரோகிராமரும் செய்வதையே செய்தாள்: ஒரு தட்டலையடுத்து வரும் இரண்டாவது தட்டலைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு வரி எழுதினாள்.

நிமிர்ந்தபோது, டிக். இடைவெளி. டிக். ஒற்றை ஒற்றையாகத்தான் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. சரியாகிவிட்டது என்று கணவனுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. எழுதிய வரியை அவள் இன்னும் டிரைவரில் ஏற்றவே இல்லை; அது எப்படி வேலை செய்யும்?

குறட்டையும் கேட்கவில்லை.

ஓடினாள். அள்ளி எடுத்தாள். குழந்தையின் தலை தொய்ந்து விழுந்தது. முதுகில் தட்டினாள். வாயில் ஊதினாள். “பாப்பா, அம்மாடா. அம்மா வந்துட்டேன்டா.” மூச்சில்லை.

அலாரம் அலறவில்லை.

காலித் தொட்டிலில் மெத்தை மெல்ல அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது. அடுத்த அறையில் கணினி தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தது.