ஓரகத்திகளின் பேரெண்

சௌந்தரிக்கு நிலாவில் வீடு கிடைத்த அன்று நறுமுகைக்குச் சோறு இறங்கவில்லை. சௌந்தரி அவளுக்கு மூத்த ஓரகத்தி. ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. கோயம்புத்தூருக்கு ஒதுக்கியதே ஒரு வீடுதான். பட்டியலில் சௌந்தரியின் பெயரை நீக்கினால் அடுத்தது நறுமுகை.

"அவங்க பேரெண் அத்தனை உறுதியாமா. அதுக்குத்தான் குடுத்தாங்களாமா. என்ற எண்ணுக்கு என்ன கொறச்சல்?"

"விட்டுத் தொலை கண்ணு," என்றான் கணவன் கதிரவன்.

விடுவாளா? பேரெண்தான் அப்போது எல்லாமே. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த அறுநூறு இலக்க எண் அது. அதை வாசலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பெருக்கிய இரண்டு காரணிகள் மட்டும் ரகசியம். கதவு, சம்பளம், மருத்துவம் எல்லாம் அவற்றுக்குத்தான் திறக்கும். பெருக்குவது நொடி வேலை. பெருக்கியதைப் பிரிக்கச் சூரியன் அணையும்வரை கணக்குப் போட வேண்டும்.

காரணிகளை இயந்திரம் குருட்டாம்போக்கில் பொறுக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஆட்கள் கேட்பார்களா? கல்யாணமானதும் புது எண் எடுக்கையில், எண் சோதிடரிடம் போய், கூட்டினால் ஐந்து வரும் ராசியான காரணி ஒன்றை வாங்கி நுழைத்துவிடுவார்கள். நறுமுகையும் யாருக்கும் தெரியாமல் வாங்கியிருந்தாள்.

எண்களைக் காரணிகளாகப் பிரித்துப் பார்க்கும் இயந்திரமான பகுப்பியிடம் அவள் சௌந்தரியின் எண்ணைக் கொடுத்தாள்.

"பிரிக்க இயலாது," என்றது பகுப்பி.

அவளுக்கு வயிறு எரிந்தது. "அப்ப என்ற எண்ணோட வெச்சுப் பாரு. யாருது ஒசத்தின்னு தெரியட்டும்."

பகுப்பிக்கு உயர்வு, தாழ்வு தெரியாது. பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்தது. வந்த மீதியால் சிறியதை வகுத்தது. மீதி தீரும்வரை இப்படியே, பள்ளிக்கூடத்துக் கணக்குதான். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது.

"பொதுக் காரணி கிடைத்தது. சௌந்தரியின் பேரெண் உடைந்தது."

மேற்கொண்டு கேட்க நறுமுகைக்குப் பொறுமையில்லை. துள்ளிக் குதித்து எண் காப்பகத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு, இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

காலையில் பால் வாங்கித் திரும்பியவளுக்குக் கதவு திறக்கவில்லை. வீடு அவள் பேரில் இருந்ததால் உள்ளேயிருந்த கதிரவனாலும் திறக்க முடியவில்லை. எதிரே சௌந்தரியும் வெளியே நின்றிருந்தாள். சற்று நேரத்தில் காப்பக அதிகாரி வந்தார்.

"அக்கா எண்ணுதானுங்க ஒடஞ்சுது. என்றத எதுக்குங்க பூட்டுனீங்க?"

"பொதுக் காரணின்னா ரெண்டு பேருக்கும் பொதுதானுங்கம்மா. தனித்தனியா விட்டிருந்தா யாராலயும் ஒடைச்சிருக்க முடியாது. பக்கத்துல வெச்சுப் பாத்தீங்க பாருங்க, அதுலதான் ரெண்டும் போச்சு. எந்தச் சோதிடர்கிட்ட வாங்குனீங்க?"

இருவரும் ஒரே குரலில் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

நிலா வீடு மூன்றாவது ஆளுக்குப் போனது. புது எண் வர ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை இருவருக்கும் சேர்த்து ஒரே தற்காலிக எண். அதிகாரி அட்டையை நீட்டினார். சௌந்தரி தேம்பித் தேம்பி அழுதாள். நறுமுகையும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல அக்கா பேரை எதுக்கு மொதல்ல போட்டிருக்கீங்க?"